பூஜ்யம் காட்டிய கிளை

திங்கள், காலை 5.40. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தின் மீன் ஏலக்கூடத்தில் இணையம் செத்தது. வெளியூர் வியாபாரிகள் திரை வழியாக விலை கேட்கிற நேரம். மீன் கேட்பாரற்றுக் கிடந்தது.

இணைய நிறுவனத்தின் நாகர்கோவில் அலுவலகத்தில் பழி ரிஸ்மாவின் தலையில் விழுந்தது. பழைய மெயின் ஃபைபரை நிறுத்திவிட்டு எல்லோரையும் புது லைனுக்கு மாற்றும் வேலைக்கு அவள்தான் தலைமை. மதியத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாளி. விசாரணையைப் புகார் பிரிவு கிளாராவிடம் கொடுத்தார். சரியான ஆள்தான்; பொய்யைப் போனிலேயே பிடித்துவிடுவாள்.

8.15. ரிஸ்மாவின் திட்டம் எளிது. பழைய லைனின் ஒரு கிளையில் ஒரு நாள் முழுக்கப் பயன்பாடு பூஜ்யமென்றால் அங்கிருப்பவர்கள் புது லைனுக்கு மாறிவிட்டார்கள், பழையதை வெட்டலாம். எல்லாக் கிளைகளையும் பத்தாம் தேதி, புதன்கிழமை அளக்கச் சொல்லியிருந்தாள். ஏலக்கூடத்தின் கிளைக்கு மட்டும் யாரோ பதினான்கு என்று மாற்றியிருந்தார்கள். அன்று அது பூஜ்யம் காட்ட, புது லைனுக்கு மாறும் முன்பே பழையது வெட்டப்பட்டிருந்தது. கிளாரா அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

அளக்கும் தேதிகளின் பட்டியலைத் திறக்கும் பாஸ்வேர்டு ரிஸ்மாவைத் தவிர இருவரிடம் இருந்தது. ஒருவர் பொன்னுலிங்கம். பழைய லைனை ஆரல்வாய்மொழி வழியாக இழுத்தவர், கடற்கரைப் பக்கம் வேலை பார்க்காதவர். தான் போட்டதை நேற்று வந்தவள் பிடுங்குகிறாள் என்று தினமும் புலம்புவார். மற்றவன் டிஜோ, அந்தக் கடற்கரை ஊர்க்காரன். தலைமைப் பதவி தனக்குத்தான் என்றிருந்தவன். ரிஸ்மாவின் பெயரைச் சொன்னதும் முதலில் கைதட்டியவனும் அவனே. வயிற்றெரிச்சல் இருவருக்கும் குறைவில்லை.

10.30. மூவரிடமும் கிளாரா ஒரே கேள்வி கேட்டாள். அந்தக் கிளையை ஒரு நாள் நிறுத்த வேண்டும், யாருக்கும் இடைஞ்சல் கூடாது. எந்த நாள்?

ரிஸ்மா வெள்ளி என்றாள். கோட்டாற்றில் அவள் வாப்பாவின் கடைக்கு அன்றுதான் விடுமுறை. கடலுக்கு ஏது லீவு, எந்த நாளும் ஒன்றுதான் என்றார் பொன்னுலிங்கம். டிஜோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழம நிறுத்தணும். அன்னைக்கு எங்க ஊர்ல ஒரு வள்ளமும் கடலுக்குப் போவாது, எல்லாரும் மாதா கோயில் பூசைக்குப் போவாவ. இதுகூடத் தெரியாதவளுக்கா அந்த வேலையக் குடுத்தீங்க?"

"பதினாலாம் தேதி என்ன கிழம, மக்கா?"

சிரிப்பு நின்றது.

"ஞாயிறு," என்றாள் கிளாராவே. "தேதிய மாத்தினவனுக்கு அன்னைக்குப் பூஜ்யம்தான் வரும்னு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு. மூணுபேர்ல அது தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

டிஜோ மறுக்கவில்லை. கடலைத் தெரிந்தவன் தானிருக்க, அவளுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்றான். பொறாமையில் பல நாள் தூங்கவே இல்லை என்றான்.

ரிஸ்மா ஒரு காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். புது லைனின் கடலோரப் பொறுப்பாளர் டிஜோ என்றிருந்தது. சனிக்கிழமையே முதலாளியின் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

"கடலு எனக்குத் தெரியாது. அதான் நீ வேணும்னு கேட்டேன்."

அவன் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.