சுவரின் கனம்

மார்ச் 11, செவ்வாய்.
நாற்பத்திரண்டாம் எண் ஒற்றை அறை வீட்டின் அகலத்தைப் பதினோரு அடி என்று போன மாதம் எழுதியிருந்தேன். இன்று அலமாரி போட என்று மறுபடி அளந்தால் பத்து அடி எட்டு அங்குலம்தான் இருக்கிறது. நான்கு அங்குலம் கூட்டி எழுதிவிட்டேன். என் தவறு. திருத்தியாயிற்று.

எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு, பேனாவை மூடிய பிறகும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தவறு செய்வது அவளுக்குப் புதிதில்லை. மாலை வகுப்பில் மாடி வீட்டுக்கு வரைபடம் போட்டு, படிக்கட்டை மட்டும் மறந்து, வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தவள் அவள்தான். ஆனால் லேசர் மீட்டர் எதையும் மறக்காது. பொத்தானை அழுத்தினால் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், எண் வரும், அவ்வளவுதான். பதினொன்று என்று வந்ததை அவள் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள்.

அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் நான்கு அங்குலம் விளையாட்டில்லை. சாலைக்கு எதிரே கண்ணாடி அலுவலகங்கள் எழும்பியதும் தெருவில் நடக்கிறவர்களின் சம்பளம் மாறியது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வாடகையும் ஏறியது. இரண்டு அறை, மூன்று அறை என்று பேசிய இடத்தில் சதுர அடி என்று பேச ஆரம்பித்தார்கள். ஆள் மாறினால்தான் வாடகையை ஏற்ற முடியும் என்பதால் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் அவள் போய் அளக்க வேண்டும். நீளம், அகலம், உயரம், சுவரின் கனம். படிவத்தின் அடியில் அவள் கையெழுத்து. இதற்குக் கொஞ்சம் சம்பளமும் தரைத் தளத்தில் ஏழுக்கு ஒன்பதில் ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். அந்த அறை போனால் இந்த நகரத்தில் அவள் முதுகு சாய ஒரு சுவர் கிடையாது.

வியாழக்கிழமை மாலை அவள் வகுப்புக்குக் கிளம்பும்போது நாற்பத்திரண்டில் குடியிருப்பவன் படியில் மறித்தான். எதிர் அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுகிறவன். காதிலிருந்து கழற்றியதே இல்லை என்பதால் காவலாளி முதல் எல்லோருக்கும் அவன் ஹெட்போன். அவளுடைய அப்பா ஒரு வருடத்தில் கண்ணால் பார்த்த பணத்தை ஒரு மாத வாடகையாகக் கட்டுகிறவன்.

"மேடம், உங்க பில்டிங் டயட்ல இருக்கா?"

"என்ன சார் ஆச்சு?"

"போன வாரம் கட்டிலைச் சுத்தி நடந்தேன். இப்ப மேல ஏறித் தாண்டுறேன். வாடகை ஏற ஏற ரூம் இளைக்குது."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு, அந்தச் சுவருக்குப் பின்னாடி யாரு இருக்காங்க? பாட்டை எவ்வளவு சத்தமா வச்சாலும் அடியில ஒரு சத்தம் வருது. கனமா எதையோ தூக்கித் தூக்கி வைக்கிற மாதிரி. சத்தத்தை அடக்கலாம்னு சுவர் பூரா கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டிட்டேன். அப்பவும் வருது."

"பின்னாடி யாரும் இல்ல சார்," என்றாள். சொன்ன வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

மேலே போய், ஸ்பாஞ்சின் மேல் ஒரு வெள்ளை அட்டையை அவனைப் பிடிக்கச் சொல்லி அளந்தாள். ஒன்பது அடி ஒரு அங்குலம். மீட்டரைத் துடைத்துவிட்டு அளந்தாள். பேட்டரியை மாற்றி அளந்தாள். ஒன்பது அடி ஒரு அங்குலம். வெளியே நடைவழியில் நாற்பத்திரண்டின் கதவிலிருந்து நாற்பத்து மூன்றின் கதவு வரை அளந்தாள். அது பழைய கணக்கில் அப்படியே இருந்தது. வீடு சுருங்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர்தான் தடித்துக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சின் விளிம்பைத் தூக்கி உள்ளங்கையை வைத்தாள். சுவர் சூடாக இருந்தது. வெயில் படாத சுவர். ஓர் இடத்தில் மட்டும், ஒரு முனை கூராகவும் மறுமுனை அகலமாகவும், தொட முடியாத சூடு. தண்ணீர் தெளித்த துணியின் மேல் காய்ந்த இரும்பை இழுத்தால் வருமே, அந்த ஆவி வாசனை, சிமென்ட்டிலிருந்து மெல்லக் கசிந்து அவள் மூக்கில் ஏறியது.

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை.

படிவத்தில் அந்தச் சுவரின் கனம் ஆறு அடி. போன மாதம் அவள் எழுதியதுதான். ஆறு அடிக்குச் சுவர் எங்கேயும் கிடையாது. அது ஓர் அறை. பதினெட்டு வருடம் அதில் இஸ்திரி அக்கா இருந்தாள். "காலை நீட்டினா கை வெளிய, கையை நீட்டினா கால் வெளிய. இதுக்கும் வாடகை கேக்குறான் பாரு," என்று சிரித்துக்கொண்டே ஏழு மாடிக்கும் சட்டை தேய்த்தாள். தேய்த்ததை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, அவரவர் வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். அளக்கிறவளின் ஒரே நல்ல சட்டைக்குக் காசு வாங்கியதில்லை. "படிக்கப் போற பொண்ணு கசங்கிப் போகக் கூடாது" என்பாள்.

அக்கா பழைய வாடகைக்குப் பழைய சீட்டு வைத்திருந்தாள். காலி செய்யச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். ஆள் குடியிருக்கும் அறையைத் தொடக்கூடாது என்று சட்டம் இருந்தது. சுவரைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. "அந்தம்மா போயிட்டாங்க. அந்த இடத்தைச் சுவர்னு எழுதிக்கோ. கோட்டைச் சுவர் மாதிரி கொஞ்சம் தடிமன், அவ்வளவுதானே," என்றார் மேனேஜர்.

காலி என்று எழுதுவதற்கு முன் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காவிட்டால் மூன்று தரம் தட்ட வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால்தான் பழைய அளவைப் பார்த்து எழுதலாம். அவள் போனபோது வெளியே பூட்டுத் தொங்கியது. வகுப்புக்கு இருபது நிமிடம் இருந்தது. இரண்டு தரம் தட்டினாள். இரண்டாவது தட்டுக்குப் பிறகு உள்ளே ஏதோ கனமாக வைக்கப்பட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடி. டொக். லிப்ட் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாள் என்பதுகூடச் சரியில்லை. அப்படித் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காலி என்று எழுதினாள். மறுநாள் காலையில் கொத்தனார்கள் கதவோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள்.

அந்த வாரம் அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை என்பதை, பூசி இரண்டு நாள் கழித்துக் காவலாளி பேச்சுவாக்கில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏழுக்கு ஒன்பது அறை.

மார்ச் 18, செவ்வாய்.
அகலம் எட்டு அடி நான்கு அங்குலம். இது என் தவறு இல்லை. ஹெட்போன் நேற்றே காலி செய்துவிட்டார். முன்பணத்தைக்கூடக் கேட்கவில்லை. நாளை மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

நாளை என்று எழுதியது வெள்ளிக்கிழமைதான் நடந்தது. இடையில் இரண்டு நாள் மேனேஜர் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அவரே கூப்பிட்டார்.

"நாற்பத்திரண்டுக்கு நல்ல பார்ட்டி வருது. புதுசா ஒரு கம்பெனி, ஆளுக்கு ஆள் அள்ளிக் குடுக்கிறான். அளவு குடு."

"சார், அந்தச் சுவரை இடிச்சுப் பாக்கணும்."

"எதுக்கு?"

"அக்கா உள்ள இருந்தாங்களோன்னு இருக்கு சார். நான் கதவைத் திறந்து பாக்கல. சத்தம் கேட்டுச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளையே பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "உள்ள எப்படிம்மா இருப்பாங்க? பூட்டுப் போட்டதே நான்தான். துணி குடுக்க வெளிய போற நேரம் பாத்துப் போட்டேன். சாவி கேட்டு வந்தா, காலி பண்றேன்னு கையெழுத்து வாங்கிடலாம்னு. வரவே இல்ல."

"வெளிய போனதைப் பாத்தீங்களா சார்?"

"போற நேரம்தான் அது."

"பாத்தீங்களா?"

மேசை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். "இடிச்சா ஆறடி தெரியும். ஆறடின்னா அறை. அறைன்னா ஆள். ஆள்னா கேஸ். காலின்னு கையெழுத்துப் போட்டது யாரு, நானா? வா, அளவைக் குடுத்துட்டு வகுப்புக்குப் போ. கீழ உன் ரூம்ல இருக்கணும்னு ஆசை இருக்குல்ல?"

நாற்பத்திரண்டில் சாமான் எதுவும் இல்லை. மாலை வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து பாதித் தரையோடு நின்றுவிட்டது. ஆவி வாசனை. அவருக்கு அது தெரியவில்லை, அல்லது யாரோ கீழே துணி துவைக்கிறார்கள் என்று நினைத்தார். கறுப்பு ஸ்பாஞ்சில் லேசர் எண் காட்டாது. வெள்ளை அட்டையை யாராவது சுவரோடு ஒட்டிப் பிடித்தால்தான் காட்டும். அவள் மீட்டரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, ஜன்னலை ஒட்டியிருந்த கதவருகே கைப்பேசியோடு வந்து நின்றாள். மீட்டர் காட்டும் எண் கைப்பேசியிலும் வரும்.

"முதுகைச் சுவரோட ஒட்டி வைங்க சார். அட்டையை நெஞ்சோட சேர்த்துப் பிடிங்க."

அவர் ஒரு கையில் அட்டையும் மறுகையில் போனுமாக ஒட்டி நின்று, புதுப் பார்ட்டியோடு பேச ஆரம்பித்தார். நல்ல காற்றோட்டம் என்றார். அமைதியான இடம், அக்கம் பக்கம் தொந்தரவே கிடையாது என்றார்.

ஏழு அடி ஆறு அங்குலம்.

"ஏழரை சார்," என்றாள்.

அவர் தலையாட்டினார். பேசிக்கொண்டே இருந்தார்.

ஏழு அடி ஒன்று. ஆறு அடி ஏழு.

அவர் கால் எடுத்து வைக்கவில்லை. நின்றபடியே, ஷூவின் நுனி தரையில் உரச, ஒரு பெரிய கை முதுகைத் தாங்கித் தள்ளிக்கொண்டு வருவதுபோல அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். முன் பார்த்ததைவிட அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது. நெற்றி வியர்த்திருந்தது. ஒரு கையால் காலரைத் தளர்த்திக்கொண்டார். சதுர அடிக்கு ஒரு தொகை சொன்னார்.

சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும்.

ஐந்து அடி இரண்டு.

டொக்.

அந்தச் சத்தம் லிப்ட் இல்லை. அன்றும் இல்லை.

"எவ்வளவு?" என்றார், போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு.

"பதினோரு அடி சார். அப்படியே நில்லுங்க. நகரக் கூடாது."

அவர் சிரித்தார். "பாத்தியா, ஒழுங்கா அளந்தா வருது."

நான்கு அடி.

அப்போதுதான் சூடு அவர் சட்டையைத் தாண்டியிருக்க வேண்டும். திரும்ப முயன்றார். முதுகு வரவில்லை. சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. போன் விழுந்தது. அவர் கை கதவுப் பக்கம் நீண்டது. விரல்கள் நிலைச் சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. இழுத்திருந்தால் வந்திருப்பார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பூட்டைப் போட்ட கை. பிறகு தன் கையைப் பார்த்தாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

கைப்பேசியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அடி. ஒரு அடி ஐந்து. ஒன்பது அங்குலம். உள்ளே ஒரு தரம் தட்டும் சத்தம். இரண்டாவது வரவில்லை. நான்கு அங்குலம். நீளமாக ஒரு சீறல், ஈரத் துணியில் சூடு ஏறும்போது வருவது. அவசரமில்லாத சீறல். முன்னும் பின்னும். முன்னும் பின்னும். கதவின் அடியில் வெள்ளையாக ஆவி. பிறகு எண் இல்லை. திரையில் ஒரு கோடு மட்டும்.

அவள் நடைவழியில் உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே இருந்தாள். யாரும் வரவில்லை. எதிரே கண்ணாடி அலுவலகத்தில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. எழுந்திருக்க நினைத்துத் தரையில் கை ஊன்றியபோதுதான் பார்த்தாள். நாற்பத்திரண்டின் வாசலில் ஒரு வெள்ளை மூட்டை. யாரும் நடந்து வந்த சத்தம் இல்லை. முடிச்சு இறுக்கமில்லை. ஒரு விரல் பட்டதும் விரிந்தது.

மேலே மேனேஜரின் நீலக் கட்டம் போட்ட சட்டை. காலர் நிமிர்ந்து, கைகள் பின்னால் மடங்கி, ஒரு சுருக்கம் இல்லாமல். அதன் கீழே கால்சட்டை, கத்தி மாதிரி மடிப்பு. அதற்கும் கீழே, அதே அகலத்தில், அதே நான்கு மடிப்பில், துணி அல்லாத ஒன்று. வெதுவெதுப்பாக. விளிம்புகள் ஒன்றோடொன்று பிசகாமல் சேர்ந்திருந்தன. மேல் மடிப்பில் ஒரு புருவம், தட்டையாக, அழுத்தி வாரியதுபோல். அதன் கீழே ஒரு கண் திறந்தே இருந்தது.

மார்ச் 21, வெள்ளி.
நாற்பத்திரண்டு: அகலம் இல்லை. சுவரின் கனம் பதினேழு அடி. பதினோரு அடி என்று வாயால் சொன்னது தவறு, தெரிந்தே சொன்னது. காலி என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். வகுப்புக்குப் போகவில்லை. இதை எழுதும்போது முதுகுப் பக்கம் சூடாக இருக்கிறது.
நாளை: காலை ஏழு மணிக்குத் தரைத் தளத்தில் என் அறையை அளக்க வேண்டும். முதலில் அகலம்.