கரையாத வாதம்

பாலதண்டாயுதத்தின் காதுக்குப் பின்னால் நம்பூட்டியை ஒட்டினாள் மதுரவல்லி.

தொலைக்காட்சி விவாதத்தில் பேசுபவர் தலைக்கு மேல் மெய்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். தான் நம்பாததைச் சொன்னால் விளக்கு சிவந்துவிடும். அதனால் கட்சிகள் நம்பூட்டியைக் கண்டுபிடித்தன. அதில் எழுதிய வாதத்தை மூளை உண்மையாகவே நம்பும். விவாதம் முடிந்ததும் அந்த நம்பிக்கை கரைந்துவிடும்.

பாலதண்டாயுதத்தின் தேசதர்மக் கட்சிக்கு அன்று தேவைப்பட்டது மதச்சார்பின்மை. சிறுபான்மையினரின் பள்ளிகளை மூடுவதற்கு.

"போன தடவை பாதியிலயே செவந்துபோச்சும்மா" என்றார் பாலதண்டாயுதம்.

"இந்தத் தடவை செவக்காதுங்கய்யா."

அவள் கணவன் செல்வினை அடித்தே கொன்ற கூட்டத்தை ஏவியவர் அவர். சாட்சி இல்லையென்று வழக்கை மூடிவிட்டார்கள். கணவன் பெயரை மறைத்து அவள் இந்தக் கட்சிக்கு வாதம் எழுத வந்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான். வழக்கமாகக் கட்சிக்குத் தோதான அளவுக்கு நறுக்குவாள்; இன்று வாதத்தை முழுசாக எழுதியிருந்தாள். கரையும் பகுதியை நீக்கியிருந்தாள்.

"மதம் எதுவானாலும் சட்டம் ஒண்ணுதான்" என்று விவாதத்தில் சொன்னார் பாலதண்டாயுதம். விளக்கு பச்சை.

"உங்க கட்சி நடத்துற மடத்துக்குமா?" என்று நெறியாளர் மடக்கினார்.

"அதுக்கும்தான். எனக்கும்தான். செல்வின்னு ஒருத்தரக் கொல்லச் சொன்னது நான். என்னையும் விசாரிக்கணும்."

அப்போதும் பச்சை.

தொலைக்காட்சி நிலைய வாசலில் அவருடைய தொண்டர்களே அவர் கையை முறித்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்த மதுரவல்லிக்கு அது போதவில்லை. இன்னும் அடியுங்கடா என்று மனசு கேட்டது.

மறுவாரம் ஜாமீனில் வெளிவந்து கைக்கட்டோடு அவள் வீட்டுக்கு வந்தார். பின்னால் இரண்டு பெண் காவலர்கள்.

"நீங்க வேணும்னேதான் கரையாம எழுதுனீங்கன்னு கண்டுபிடிச்சிட்டாங்க."

"அந்த நம்பிக்கைய எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வந்தியா?"

"எடுக்க வேண்டாம்னுட்டேன். நான் செஞ்சது கொலை, தண்டனை வரட்டும். ஆனா ஒருத்தர் மனசுல அவரக் கேக்காம இன்னொருத்தர் கை வைக்கக் கூடாதும்மா. அது யாரா இருந்தாலும் தப்புதான். உங்க மேல புகார் குடுத்திருக்கேன்." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்காக நல்ல வக்கீல்கிட்டயும் பேசியிருக்கேன்."

மதுரவல்லி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் வெறுக்க ஒரு துளிகூட மிச்சமில்லை. பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நீ யாருடா? என் புருஷனக் கொன்னவன் எங்க? அவன என்கிட்ட திருப்பிக் குடு!"