பூட்டை உடைத்தவன்

"எங்க வீட்டுப் பூட்ட ஒடச்சது நீங்கதானா?"

மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க எதிரே நின்றவளை ஜீவராஜ் ஏறிட்டுப் பார்த்தான். அப்பப்பா... என்ன கண்கள்! கோபத்தில் எரிந்தன, அதே நேரம் கலங்கியும் இருந்தன.

அவன் கரண்ட் மீட்டர் பார்ப்பவன். வட்டவளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அன்றுதான் முதன்முதலாக வந்திருந்தான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கடைசி லயத்து வீட்டு ஜன்னலில் ஓர் அம்மா நின்று, "தம்பி, பெரட்டுக்கு நேரமாச்சு... பேரு குடுத்துட்டு வேலைக்குப் போகணும், கதவத் தொறந்து விடுங்க" என்று கெஞ்சினார். வயதான மனுஷியை அடைத்து வைத்த மகராசி யாரோ என்று அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கல்லை எடுத்து ஒரே போடு!

"நான்தான் ஒடச்சேன். பெத்த தாயப் பூட்டி வச்சிட்டுப் போறீங்களே, மனசுன்னு ஒன்னு இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் பூட்டுறேன்." தனுஜாவின் குரல் உடைந்தது. "வெளிய போனா அம்மாவுக்குத் திரும்பி வரத் தெரியாதுங்க. சில நாள் என்னையே யாருன்னு கேப்பாங்க... இப்ப அம்மா எங்க?"

ஐயோ! அவன் மேட்டுப் பக்கம் கை காட்டினான். "மேல... மலைப் பக்கமா..."

இருவரும் ஓடினார்கள். பனி கண்ணை மறைத்தது. "அம்மா... அம்மா..." என்று அவள் கத்திய கத்தலில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில், மழைத் தண்ணீர் வடியும் ஒரு பழைய கானுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, அவள் அம்மா பேச்சியம்மா ஓரத்துச் செடியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். சேலை மடியில் ஒரு பிடி இலை. குளிரில் உதடு நடுங்கியது.

"கண்டாக்கையா, அரைநாள் பேரு போட்டுச் சம்பளத்தக் கொறச்சிறாதீங்க... நல்லாத்தான் எடுத்திருக்கேன்" என்று ஜீவராஜைத் தோட்டத்து மேற்பார்வையாளராக நினைத்துக் கெஞ்சினார்.

"முழுப் பேரே போட்டாச்சும்மா. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று ஜீவராஜ் அவரை முதுகில் தூக்கிக்கொண்டான்.

தனுஜா அம்மாவின் முதுகைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். இவன் மீது கோபம் குறையக் கூடாது என்று பிடிவாதமாக நினைத்தாள்... குறைந்து தொலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோவுடன் வந்து நின்றான். "ஆஸ்பத்திரியில இந்த மறதிக்குன்னே டாக்டர் பாக்குறாங்களாம். போவோமா?"

"பரிதாபப்பட வந்தீங்களா? ஒன்னும் வேணாம்."

"பயந்து போய் வந்திருக்கேங்க. அன்னைக்கு உங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா..."

அம்மாவுக்காகத்தான் போனாள். சிங்கள டாக்டரம்மா அரைகுறைத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "இது பைத்தியம் இல்ல மகள். மூளைக்கு வர்ற வருத்தம், ஒரு நோய். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான ஆட்களுக்கு இருக்கு. ஒளிக்க வேணாம். தனியா சுமக்க வேணாம்."

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில்தான் தனுஜாவுக்கு வேலை. மறுநாள் மாலை, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். 

"இதப் போயி ஏன்டி ஒளிச்ச?" என்று ராசம்மா அக்கா அதட்டினாள். "நாளைக்கே இங்க கூட்டிட்டு வா. எல்லாருமாப் பாத்துக்கிருவோம்."

அதற்குப் பிறகு பேச்சியம்மா அங்கே தொட்டிலாட்டியபடி தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். ஜீவராஜோ வாராவாரம் வந்துகொண்டிருந்தான்.

"மாசத்துக்கு ஒருக்காத்தானே மீட்டர் பாப்பாங்க?"

"உங்க வீட்டு மீட்டர் மட்டும் கொஞ்சம் வேகமா ஓடுதுங்க..."

"வேகமா ஓடுறது மீட்டரா, நீங்களா?"

கேட்டுவிட்டு அவளே சிவந்து போனாள். உடனே முகம் இறுகியது. "வீணா ஆசைய வளக்காதீங்க. பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் அம்மாவ எங்கயாச்சும் சேத்துவிடச் சொன்னாங்க. அவங்கள விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்."

"வாங்கன்னு நான் எப்ப கேட்டேன்? நான் இங்க வரட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"வீட்டோட மாப்பிள்ளையாவா? உங்க ஆளுங்க சிரிப்பாங்க!"

"சிரிச்சிட்டுப் போறாங்க. நாளைக்கு அம்மாவுக்கு உங்கள அடியோட தெரியாமப் போகலாம்... அன்னைக்கு நீங்க தனியா நிக்கக் கூடாது தனுஜா. உங்கள எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவள் கண்களில் பொலபொலவென்று நீர் கொட்டியது. அவன் பதறிப்போனான். "அழாதீங்க... வேணாம்னா இப்பவே போயிர்றேன்."

சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போய்த்தான் பாருங்களேன்... வாராவாரம் வாசலப் பாத்துக்கிட்டே நிக்கிறவ நான்தான்னு இன்னுமா உங்களுக்குத் தெரியல?"