ஈரச் செருப்பு

விடுதியில் எதிர் அறை வாசலில் கிடந்த செருப்பு நனைந்திருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனது மாதிரி, நுனி கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. வாட்ச்மேன் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். அந்தக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது.

உள்ளே போனவன் வெளியே எப்படித் தாழ் போடுவான்?

ஆயுசு முழுக்கக் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அவர். வேலை போன பிறகும் பேர் வாட்ச்மேன்தான். பூட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், நாலாவது முறை மனைவியை விட்டு இழுக்கச் சொல்வார். பெற்ற பிள்ளையே வெளிநாட்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோது, "சும்மா எவன்டா குடுப்பான்?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷயம் அதற்குள்தான் இருந்தது. அது மழைக்காலத்து மலிவு டிக்கெட். வெயில் நாளில் கால் வைக்க இடமில்லாத அந்தக் கடற்கரைக்கு, மழை பிடித்துவிட்டால் ஈ காக்காய் வராது.

"கூட்டமே இல்லாம மொத்தக் கடலையும் நாமளே வச்சுக்கலாம்ங்க," என்றாள் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குக் கடல் பார்க்க ஆசை. அதற்கென்றே சிவப்பு வார் வைத்த புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் கடலையே காணோம். வானம் எது தண்ணீர் எது என்று தெரியாமல் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்தான் நின்றது. வந்த மறுநாளே அவளுக்கு இரைப்பும் பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டால் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினாள். விழித்தால், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம்.

விடுதியை ஒரே ஆள்தான் பார்த்துக்கொண்டான். ஆறடிக்கு மேல் இருந்ததால் வாட்ச்மேன் அவனுக்கு நெட்டையன் என்று பேர் வைத்தார். எந்தச் சீமைக்காரனோ, நம் பேச்சு பேசினான். ஆனால் முகம் பார்த்துப் பேச மாட்டான். முகம் பார்க்காதவனை வாட்ச்மேன் கிடங்குப் பக்கம் விட்டதே கிடையாது.

வந்த அன்றே அவன் சொன்னான். "செருப்பை வாசல்லயே விடுங்க ஐயா. உள்ள கொண்டு போகாதீங்க."

"ஏன், உன் தரை தேஞ்சிடுமா?"

"அதில்லீங்க. டவுனுக்குப் போற வேன் கேட்டுலயே வந்து நிக்கும். தங்கறவங்க சொல்லாம கொள்ளாம ஏறிப் போயிடுறாங்க. செருப்பு கிடந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். செருப்பு இல்லாத ரூமை நான் வெளிய தாழ் போட்டுடுவேன். இல்லன்னா காத்துல கதவு அடிச்சு உடைஞ்சிடும். பாலத்து மேல தண்ணி ஏறப் போகுதுன்னா நானும் இங்க இருக்க மாட்டேன். அப்போ செருப்பு கிடக்கிற ரூமெல்லாம் தட்டி, ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

ஜன்னல்களுக்கு வெளியே பலகை வைத்து அறைந்திருந்தான், காற்றுக்கு. பகலிலும் அறைக்குள் விளக்கு வேண்டும். ஈரப் பாயின் நாற்றம், உப்பு நாற்றம், எங்கோ சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம்.

பிரஷ்ஷைத் துப்பிவிட்டு வாட்ச்மேன் கீழே போனார். நெட்டையன் முன்கூடத்தில் புகுந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"எங்க எதிர்த்த ரூம்ல யாருப்பா?"

"யாருமில்லீங்க. நீங்க ரெண்டு பேர்தான்."

"யாருமில்லாதவன் செருப்பு ஏன் ஈரமா இருக்கு?"

துடைப்பம் நின்றது. "மழைக்காலங்க," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "அப்படித்தான் வந்து கிடக்கும். நான் எடுத்துக் கடல்ல போட்டுடுவேன். நீங்க தொட வேணாம். காலி ரூமைத்தான் தேடி வரும். உங்க செருப்பு வாசல்ல கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"தேடி வரும்னா? நாயா நரியா?"

நெட்டையன் மறுபடி பெருக்க ஆரம்பித்தான்.

கதை விடுகிறான் என்று வாட்ச்மேன் முடிவு கட்டினார். செருப்புத் திருடன் எவனோ இவனுக்குக் கூட்டு. மேலே வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் இரைப்போடு சிரித்தாள். "உங்க செருப்பை எவனாச்சும் எடுத்துட்டுப் போனா, மறுநாளே கொண்டாந்து வச்சுட்டு மன்னிப்பும் கேட்டுட்டுப் போவான்."

"என் செருப்பை விடு. உன்னுது புதுசு."

மறுநாள் பக்கத்து அறை வாசலிலும் ஒரு ஜோடி கிடந்தது. பொம்பளை செருப்பு. அதை ஒட்டி உள்ளங்கை நீளத்தில் ஒரு குழந்தைச் செருப்பு, ஒற்றை. எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, எல்லாம் கதவைப் பார்த்து. வாட்ச்மேனுக்குப் பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. திரும்பித் தன் வாசலைப் பார்த்தார். அவருடைய தேய்ந்த செருப்பு காய்ந்து கிடந்தது. மனைவியின் சிவப்பு வார்ச் செருப்பில் மட்டும் மணல் ஒட்டியிருந்தது. குனிந்து தொட்டார். உள்பக்கம் ஈரமாக இருந்தது. இன்னொரு கால் போட்டு நடந்த ஈரம்.

அவள் நேற்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

அவருக்குப் பயத்தை விடக் கோபம்தான் முந்தியது. "எவ காலை எவ செருப்புல விடுறா!" என்று ஆளில்லாத தாழ்வாரத்தைப் பார்த்துக் கத்தினார். தங்கள் இரண்டு பேர் செருப்பையும் எடுத்து உதறி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளினார். உள்ளே தாழ் போட்டார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

மத்தியானம் மழை வலுத்தது. கூரைத் தகரத்தில் சரளைக்கல் கொட்டுவது போல, ஓயாமல், பக்கத்தில் இருப்பவர் பேசினாலே கேட்காதபடி அப்படி ஒரு மழை. மனைவி மாத்திரை போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவரும் பக்கத்தில் சாய்ந்தார். கண் எப்போது சொருகியது என்று தெரியவில்லை.

விழித்தபோது விளக்கு இல்லை, மின்விசிறி நின்றிருந்தது, பலகை இடுக்கில் மட்டும் மங்கலாகக் கொஞ்சம் வெளிச்சம். மழை குறைந்த இடைவெளியில், வெளியே ஒரு வண்டி உறுமித் தேய்ந்து போனது. பாலம் இருக்கும் திசையில்.

வாட்ச்மேன் எழுந்து உள்தாழை நீக்கிக் கதவை இழுத்தார். வரவில்லை. காலை முட்டுக் கொடுத்து இழுத்தார். வெளியே இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம் கேட்டது.

தாழ். வெளியே.

செருப்பு இல்லாத ரூம்.

"டேய்! நெட்டையா! ஆள் இருக்கோம்டா!" கதவைக் குத்தினார், உதைத்தார். கத்தியதைக் கடல் தின்றது. ஜன்னல் பலகையில் தோளைக் கொடுத்தார். ஆணி அசையவில்லை. ஆயுசு முழுக்க அடுத்தவன் உள்ளே வராமல் காத்தவர், வெளியே போக வழி தெரியாமல் அறை நடுவில் நின்றார். மனைவியின் நெஞ்சில் பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. காற்றில்லாத அறை. எப்படியும் அவளை வெளியே கொண்டு போக வேண்டும்.

அப்போது தாழ்வாரத்தின் கோடியில் சத்தம் கேட்டது.

சளக். சளக்.

"நெட்டையா?"

சளக், சளக் என்று ஒவ்வொரு கதவாக நின்று வந்தது. ஒரு ஆள் இல்லை. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் சின்னதாக, ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு போட்ட நடை.

நடைச் சத்தம் இவர்கள் அறை வாசலில் வந்து நின்றது.

கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து. அதன் வழியே தண்ணீர் உள்ளே கசிந்தது. செருப்பு கழன்று விழும் சத்தம். தொப். இன்னொன்று. தொப்.

வாட்ச்மேனுக்குப் பளிச்சென்று உறைத்தது. செருப்பு வெளியே கிடந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கட்டிலுக்கு அடியில் படுத்து ஊர்ந்து, பையை இழுத்து, முடிச்சைப் பல்லால் கிழித்தார். மனைவியின் சிவப்பு வார்ச் செருப்பைத் தட்டையாக அமுக்கிச் சந்து வழியே வெளியே தள்ளினார். போனது. அடுத்ததும் போனது.

"ஆள் இருக்கு," என்றார், கதவில் வாயை வைத்து. குரல் அழுகையாக வந்தது. "இங்க ஆள் இருக்கு. காலி இல்ல. வேற ரூம் பாருங்க."

வெளியே ஒன்றும் அசையவில்லை.

பிறகு, சிவப்பு வார் உள்ளே வந்தது. மெதுவாக. யாரோ விரலால் தள்ளுவது போல. சொட்டச் சொட்ட நனைந்து. அடுத்ததும். இரண்டும் அவர் முழங்காலில் வந்து முட்டி நின்றன.

அவர் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு எழுந்தார். கதவு திறக்கவில்லை. தாழ் விலகவில்லை. காது கொடுத்துக் கேட்டார். விலகவே இல்லை.

ஆனால் தரையில் ஈரம். அவர் காலுக்கு முன்னால் ஒரு பாதம். அதற்கு அடுத்து இன்னொன்று. கட்டிலைப் பார்த்து.

கத்த வாய் திறந்தார். அதற்குள் ஈரம் கட்டிலை எட்டிவிட்டது.

கட்டில் கிறீச்சிட்டது. மனைவி கண் திறக்காமலே புரண்டு, சுவரோரமாக ஒதுங்கி இடம் விட்டாள்.

"என்னங்க இது," என்றாள் தூக்கத்தில், செல்லமாக. "இவ்வளவு ஈரமா வந்து படுக்கிறீங்க."

அவள் பக்கத்தில் மெத்தை அமுங்கியது. கதவுக்கு வெளியே இன்னொரு செருப்பு கழன்று விழுந்தது. சின்னது.