முறைக் கட்டில்

ஆள் அரவம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உதயரூபன் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தான். வாழைச்சேனைக் களப்போரம், கண்ணாமரங்கள் சேற்றுக்குள் வேர் ஊன்றி நிற்கும் இடத்தில் ஒரு அறை, ஒரு குசினி. முன்பிருந்தவர்கள் விட்டுப்போன ஒற்றை இரும்புக் கட்டில் அறைக்குள் கிடந்தது. பையை அதன்மேல் போட்டான். கிறீச்சிட்டது.

கட்டாரிலிருந்து திரும்பி எட்டு மாதம். ஒரு இரவாவது இரண்டு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் அவன் தூங்கியதில்லை. போன கிழமை ஐஸ் ஆலையில் நின்ற நிலையிலேயே கண் செருகி, கட்டி உடைக்கும் மெஷினின் பல்லுக்குள் கை போகப் பார்த்தது. முதலாளி இராசதுரைதான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இந்த மாசம் பாப்பன். அதுக்குள்ள நித்திரை கொள்ளப் பழகு. கை போனா என்னால ஒட்டித் தர ஏலா."

இந்த வேலையும் போனால் திரும்ப வெளிநாடுதான். கட்டாரில் கிடந்த அந்த லேபர் காம்புக்கு அவன் செத்தாலும் போகமாட்டான்.

கிளினிக்கில் டொக்டர் பிரஷாந்தி நித்திரைக் குளுசை எழுதவில்லை.

"குளுசையப் போட்டுட்டா மெஷினுக்குக் கிட்டப் போகப் போறீங்க? நித்திரை வராட்டி கட்டில்ல கிடந்து உருளாதீங்க. எழும்பி வேற இடத்தில போய் இருங்க. கண் சொருகினாத் திரும்பிப் போங்க. கொண்டாலும் கொள்ளாட்டியும் விடிய அஞ்சுக்கு எழும்பிடணும்."

அன்றிரவு சொன்னபடியே செய்தான். உருண்டு பார்த்துவிட்டு எழும்பிப் போய்க் குசினி மர வாங்கில் குந்தினான். வெளியே சேறு நாறியது. களப்பில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

பழைய இரும்பு, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். கண் சொருகியதும் திரும்பிப் போய்ப் படுத்தான்.

மெத்தை சூடாக இருந்தது.

அவன் எழும்பிப் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தலையணையில் கோடாலித் தைலம் மணந்தது. அவன் தைலமே பூசுவதில்லை.

அந்த மணம் யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

காம்பில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகலில் உதயரூபன் கட்டடத்துக்குச் சாரம் கட்டப் போவான். ஏறாவூர் பதியுதீன் படுப்பார். அண்ணன் வயது, அவனுக்குக் காக்கா. இரவில் அவர் கொங்கிறீற் போடப் போவார். இவன் படுப்பான். முறை மாறும் நேரத்தில்தான் முகம் பார்ப்பது. "என்ட பொஞ்சாதி அங்க குளிர்ல கிடக்காள். நான் இஞ்ச உனக்குப் படுக்கை சூடாக்கி வெக்கிறன்" என்று அவர் சிரிப்பார். அந்தச் சூட்டில் உடம்பைச் சாய்த்தால் உதயரூபன் செத்தவன்போல் தூங்குவான்.

ஒரு விடியப்புறம் அவர் நேரத்தோடு வந்து அவன் காலைத் தட்டினார்.

"தம்பி, கொஞ்சம் வெள்ளன எழும்பித் தாவன். தலைக்குள்ள எரியுது."

"இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு காக்கா" என்று அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

அவர் கட்டில் காலில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். அரை மணி கழித்து இவன் எழும்பியபோதும் இருந்தார். தோளைத் தொட்டதும் சரிந்தார். மூச்சு இல்லை.

இந்த வீட்டில் ஆறாம் இரவும் மெத்தை சூடாகவே இருக்க, உதயரூபன் கட்டில் காலில் சாய்ந்து நிலத்தில் இருந்தான்.

"காக்கா, நீங்க படுங்க. நான் இருக்கன்."

தலைக்கு மேலே கட்டில் பாரத்தில் முனகியது. நீண்ட ஒரு மூச்சு. பிறகு மெல்லிய குறட்டை.

அதைக் கேட்டபடியே அவன் தூங்கிப்போனான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. முன்னிரவு அவருக்கு, பின்னிரவு இவனுக்கு. நடுச்சாமத்தில் கட்டில் கிறீச்சிடும். இவன் ஏறி அந்தச் சூட்டில் படுப்பான். விடிய ஐந்துக்கு எழும்புவான். வெளிறிய முகத்தில் இரத்தம் ஊறியது. இராசதுரைகூட, "என்ன மாப்பிள்ள, வீட்டில ஆரையும் கொண்டந்து வெச்சிருக்கியோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றான். இராசதுரை சிரித்தார்.

மாதம் முடிகிற அன்று ஐஸ் ஏற்றியே இடுப்பு ஒடிந்தது. பின்னிரவில் கட்டிலில் விழுந்தவனுக்கு நினைவே இல்லை.

யாரோ காலைத் தட்டினார்கள்.

"தம்பி. எழும்பித் தாவன்."

நித்திரை இனித்தது. எட்டு மாதம் காணாமல் கிடந்து கிடைத்த நித்திரை.

"இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு காக்கா."

சொல்லி முடிந்தபிறகுதான், சொன்னது அவன் காதில் விழுந்தது.

துள்ளி எழும்பினான். மணி நாலரை. கட்டிலில் அவன் கிடந்த இடம் தவிர எல்லாம் குளிர்ந்திருந்தது. கால்மாட்டில், கட்டில் காலை ஒட்டி, சீமெந்துத் தரை நனைந்திருந்தது. ஒரு ஆள் குந்தியிருந்த அளவுக்கு ஈரம். தொட்டு முகர்ந்தான். வியர்வை.

அன்றிரவு அவன் கட்டிலில் படுக்கவேயில்லை. விரிப்பை உதறிப் போட்டுவிட்டுக் குசினி வாங்கில் இருந்தான். "காக்கா, ஏறிப் படுங்க" என்றான். விடியும்வரை சொன்னான்.

கட்டில் கிறீச்சிடவில்லை.

இப்போது பங்குனி வெயில் யன்னலால் நேரே அந்தத் தரையில்தான் விழுகிறது. களப்போரச் சேறே வெடித்துக் கிடக்கிறது. கட்டில் காலடி ஈரம் மட்டும் காயவில்லை.