வெடிப்பலாச் சோலை

"கொடிமாடி மலையில வெடிப்பலா ஒண்ணுகூடக் கிடையாது. வெறும் புதர்தான், தாராளமா ரோடு போடலாம்!" கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் அடித்துச் சொன்னார்.

தவமணி எழுந்தாள். வெட்டக் கூடாத அந்த அரிய மழைக்காட்டு மரத்தைத் தேடி வந்த ஆராய்ச்சி மாணவி அவள்.

"இருக்கு மேடம். நாளைக்குக் காட்டுறேன்!"

"மூணு மணிவரைக்கும் பார்ப்பேன். அப்புறம் கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றார் கலெக்டர்.

விடிந்ததும் காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த நீலியோடு புறப்பட்டாள். சாரல் விடவேயில்லை. கால்களில் அட்டைகள் மொய்த்தன. வழியை மறித்துக் காட்டாறு செந்நிறமாகப் புரண்டது.

"திரும்பிருவோமா, புள்ள?" என்றாள் நீலி.

"நான் திரும்ப மாட்டேன்க்கா!"

"சும்மா கேட்டுப் பாத்தேன். கயித்தைப் புடி!"

இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கினார்கள். பாதியில் தவமணிக்குக் கால் வழுக்கியது. நீலி அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். தோள்பையை ஆறு கொண்டுபோனது. செல்போன், கேமரா எல்லாம் அதற்குள்!

அக்கரையில் தலைக்கு மேலே சலசலப்பு. சிங்கவால் குரங்குகள்! முள்ளுமுள்ளாக ஒரு ஓடு தொப்பென்று விழுந்தது.

"வெடிப்பலாக் கொட்டையத்தான் திங்குது. பின்னாலேயே ஓடு!"

ஓடினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஓடினார்கள். சரிவைத் தாண்டியதும் தவமணி மூச்சடைத்து நின்றாள். வானத்தைத் தாங்குவதுபோல் வரிசையாக வெடிப்பலா மரங்கள்! காற்றடித்தபோது இலைகளின் அடிப்புறம் செம்பாக மின்னியது. கிளைகளில் முள்காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது காய்களைக் கலெக்டரின் மேசைமேல் வைத்தாள்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். "எந்த மலையிலயும் பொறுக்கலாம். போட்டோ எங்கே?"

"ஆத்தோட போச்சு."

கூட்டம் சிரித்தது. தவமணிக்கு முகம் சிவந்தது.

"போட்டோதான் போச்சு, மரம் போகல! வாங்க மேடம், கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க சார், தைரியம் இருந்தா!"

அவள் கணுக்காலில் இன்னும் வழிந்த ரத்தத்தைக் கலெக்டர் பார்த்தார். பேனாவை மூடினார்.

மறுநாள் மழை விட்டு ஆறு வடிந்திருந்தது. ஒப்பந்தக்காரர் கரையோடு நின்றுகொண்டார். கலெக்டரோ அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் சோலைவரை நடந்தார். தவமணி எண்ணிக்கொண்டே காட்டிய அறுபத்துமூன்றாவது மரத்தில் கைவைத்து மூச்சுவாங்கினார்.

"போதும்மா. இங்கே ரோடு வராது."

நீலி சந்தோஷத்தில் ஒரு கூவல் விட்டாள். தவமணி மட்டும் அடுத்த சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அதான் முடிஞ்சுதேம்மா?"

"இவங்க இல்லாட்டி வேற யாராவது வருவாங்க மேடம். அன்னைக்கு ஒரு மரம்கூடக் கணக்குல விட்டுப்போயிருக்கக் கூடாது. அறுபத்துநாலு!"