பார்த்துக்கலாம்

காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எழிலரசி வழக்கம்போலத் தன்னை அணைத்தாள். கட்டி அணைப்பதல்ல ஐயா, விளக்கை அணைப்பது மாதிரி. செவ்வாய்க் கிரகத்தின் கூரைநகரத்தில் வேலைக்குப் போகும் எல்லோருக்கும் மண்டைச்சில்லுக்குள் இரண்டு இயங்குதளங்கள் உண்டு. வீட்டுத்தளம் சமைக்கும், சிரிக்கும், புருஷனைத் திட்டும். வேலைத்தளம் தொழிற்சாலையில் பிராணவாயுவை அளக்கும், மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டும். ஒன்று விழித்தால் மற்றது தூங்கும். வீட்டுக் கவலை வேலைக்கு வராது, வேலைக் கவலை வீட்டுக்கு வராது. அப்படிச் சொல்லித்தான் சில்லை எல்லோர் தலையிலும் கட்டினார்கள்.

அன்று மாலை வீட்டுத்தளம் விழித்ததும், கணவன் நன்மாறன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உடம்பு சரியில்லையா எழிலு?"

"நல்லாத்தானேங்க இருக்கேன்."

"ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டு ரெண்டு மூணு நாளாச்சு. ஒரு வார்த்தை திட்டலையே நீ. எனக்குப் பயமா இருக்கு."

எழிலரசி துண்டைப் பார்த்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. சில்லைத் திறந்து உள்ளே பார்த்தால், வேலைத்தளம் பகலெல்லாம் தன் இடத்தில் இருந்தபடியே வீட்டுத்தளத்துக்குள் கைவிட்டுப் பெருக்கியிருந்தது. கோபத்தைக் குப்பைக்கூடையில் தள்ளியாயிற்று. கல்யாணத்துக்கு முன் இருவரும் ஊர் சுற்றிய நாட்களுக்கு 'அடுத்து' என்று குறி போட்டிருந்தது. புது இயந்திரத்தின் செய்முறையை வைக்க இடம் போதவில்லையாம்!

கோபம்தான் போயிருந்தது, ரோஷம் போகவில்லை. அது எந்த மூலையில் கிடந்ததோ, துடைப்பத்துக்கு எட்டவில்லை. நேராகச் சில்லுச் சேவை மையத்துக்குப் போய், அங்கே இருந்த அதிகாரி கேசவமூர்த்தியைப் பிடித்தாள்.

"யாரைக் கேட்டு சார் அது என் வீட்டுக்குள்ள நுழைஞ்சுது?"

"உங்களைக் கேட்டுத்தான் மேடம்." அவர் பழைய ஒலிப்பதிவை ஓட்டினார். 'உங்கள் தளத்தை நான் நிர்வகிக்கலாமா?' என்று வேலைத்தளம் கேட்டது. எழிலரசியின் குரல் கொஞ்சம் இழுத்து, 'பார்த்துக்கலாம்' என்றது.

"அட கடவுளே! பார்த்துக்கலாம்னா வேணாம்னு அர்த்தம் சார்! மூஞ்சிக்கு நேரா வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"சில்லு செஞ்சவனுக்கு அது தெரியலையே. பார்க்கலாம்னா, பார்க்க அனுமதி. பார்த்துக்கலாம்னா, பராமரிக்க அனுமதி. நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சாவியைத் தூக்கிக் குடுத்திருக்கோம். விடுங்க மேடம், கோபம் இல்லாம இருந்தா நல்லதுதானே?"

"நல்லதா இல்லையான்னு நான் சொல்றேன்! என் கோபம், என் புருஷன், என் வீட்டுத் துண்டு. எவளும் உள்ள வந்து பெருக்க வேணாம், அவ நானாவே இருந்தாலும்!"

"அப்ப நீங்களும் அதுகிட்ட அனுமதி கேட்டுப் பாருங்க" என்றார் கேசவமூர்த்தி, நம்பிக்கை இல்லாமல்.

வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த வேலைத்தளத்தைப் பாதி எழுப்பினாள். "உன் தளத்தை நான் நிர்வகிக்கலாமா?" என்று கேட்டாள். மறுத்துவிட்டால் எல்லாம் போச்சு. ஆனால் என்ன இருந்தாலும் அதுவும் எழிலரசிதானே! முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை அதற்கு. கொஞ்சம் இழுத்து, "பார்த்துக்கலாம்" என்றது.

எல்லாக் கதவுகளும் படபடவென்று திறந்துகொண்டன.

முதல் காரியமாகக் கூடையிலிருந்து கோபத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். நன்மாறன் அந்தத் துண்டுக்காக வாங்கிய திட்டு பக்கத்து வீடுவரை கேட்டது. அவனுக்கோ கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். பிறகு வீட்டுத்தளத்தைப் பூட்டினாள். வேலைத்தளத்தை ஒரேயடியாக அழித்துவிடலாமா என்றுகூடக் கை துறுதுறுத்தது. பாவம் என்று விட்டுவிட்டு, அதற்குள் ஒரே ஒரு சொல்லை எழுதினாள்: முடியாது.

"கோழைக் கழுதை! இனிமேலாவது வாயைத் திறந்து சொல்லுடி" என்றாள். நடப்பதை உள்ளிருந்து பார்க்க ஒரு சின்ன ஜன்னலும் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மேலதிகாரி வந்து நின்றார். "ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்க. இன்னைக்கும் கொஞ்சம் லேட்டாகும்."

ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு எழிலரசி கத்தினாள். "சொல்லுடி! இப்பச் சொல்லு!"

வேலைத்தளம் வாயைத் திறந்தது. அதன் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தது. "சரிங்க சார்" என்றது.

"அடியேய்! எழுதிக் குடுத்தேனேடி!"

அப்போது நன்மாறன் போனில் அழைத்தான். "எழிலு, உன் ஃபேக்டரி வாசல்லதான் நிக்கிறேன். கிளம்பிட்டியா? சேர்ந்து சாப்பிடலாம்னு பசியோட இருக்கேன்."

வேலைத்தளத்தின் நாக்கு நுனியில் அந்தச் சொல் இன்னும் தயாராக இருந்தது. அதை யாரிடம் சொன்னால் வம்பு வராது என்பதும் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"முடியாதுங்க" என்றது, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "வேலை இருக்கு. நீங்க போய்ச் சாப்பிட்டுப் படுங்க."